யவத்மாள் 2017: மருந்து எந்த வழியில் ஏறியது, எந்தக் கவசம் எங்கே தவறியது

2017 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் உள்ள யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் தொடர்ச்சியாக மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல், கண் எரிச்சல், பார்வை மங்கல். சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 800 பேர் என்று அன்றைய செய்திகள் பதிவு செய்தன. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் சொந்த நிலம் இல்லாதவர்கள்; ஒருவர் காட்டில் (வயலில்) அடித்து முடித்துவிட்டு அடுத்தவர் காட்டுக்குப் போகிற கூலியாட்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் உயிரிழந்தார்கள். இவர்கள் யாரும் மருந்தைக் குடிக்கவில்லை. வேலை செய்யும்போதே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சு ஏறியது.

மாநில அரசு சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. யவத்மாள் உள்ளிட்ட விதர்பா மாவட்டங்களில் ஐந்து மருந்துகளின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்தது: மோனோகுரோட்டபாஸ் 36% எஸ்.எல். (நீரில் கரையும் திரவம்), அசிபேட் 75% எஸ்.பி. (நீரில் கரையும் தூள்), புரோபெனபாஸ் 40% உடன் சைபர்மெத்ரின் 4% கலந்த இ.சி. (நீரில் பால்போல் கலக்கும் கரைசல்), பிப்ரோனில் 40% உடன் இமிடாகுளோபிரிட் 40% கலந்த குருணை, டயாபென்தியூரான் 50% தூள். இந்தப் பட்டியல் பின்னால் மருத்துவமனைப் பகுதியில் மறுபடி தேவைப்படும்.

பொதுவெளியில் நின்றுபோன விளக்கம் ஒன்றுதான்: "பாதுகாப்பு உடை போடாமல் அடித்தார்கள்." அது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த சாவைத் தடுக்க முடியாது. எந்த உடை, உடம்பின் எந்தப் பகுதிக்கு, வேலையின் எந்தக் கட்டத்தில் என்று பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அப்படிப் பிரிக்காமல் பாதுகாப்புக் கிட் (கையுறை, மாஸ்க் அடங்கிய பை) வழங்கினால் முகத்தில் மாஸ்க் இருக்கும், முதுகு நனைந்துகொண்டிருக்கும்.

அந்தப் பருவத்தில் என்ன மாறியது

மருந்து அடிப்பது யவத்மாளுக்குப் புதிதல்ல. அந்த ஆண்டு சேர்ந்து வந்த சூழல்தான் புதிது. காய்ப்புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் எதிர்ப்பைத் தாண்டி இளஞ்சிவப்புக் காய்ப்புழு பரவியிருந்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகளும் கூடவே. தெளிப்பின் எண்ணிக்கை கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடிப்பது சாதாரணமானது. நெருக்கமாக நட்ட பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வரிசைக்குள் நடப்பவரை இரண்டு பக்கமும் மூடியது. பேட்டரி தெளிப்பான்களும் பரவலாகியிருந்தன.

கைத்தெளிப்பானில் அடிப்பவர் பம்ப் அடித்துக் களைத்துப் போவார். அந்தக் களைப்பே அன்றைய அளவுக்கு ஒரு வரம்பு. பேட்டரி தெளிப்பானில் அந்த வரம்பு இல்லை. அழுத்தம் ஒரே சீராக இருக்கும், துளிகள் மெல்லியவை, ஒரு நாளில் முடிக்கும் பரப்பு அதிகம். கூலி டேங்க் கணக்கில் என்றால் வேகம் இன்னும் கூடும். இதில் எதையும் கையுறை தடுக்காது. ஆகவே கவசத்தைப் பற்றிப் பேசும்போது, "ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை டேங்க்" என்ற கேள்வியையும் சேர்த்தே பேச வேண்டும்.

கலக்கும் இடம்: ஒரு மி.லி.யின் கணக்கு

ஆபத்து தெளிக்கும்போதுதான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோனோகுரோட்டபாஸ் 36% என்றால் பாட்டிலில் உள்ள ஒவ்வொரு மி.லி.யிலும் 360 மி.கி. நஞ்சு. லிட்டருக்கு 2 மி.லி. கலந்தால், டேங்கில் உள்ள ஒரு மி.லி. நீரில் இருப்பது 0.72 மி.கி. வித்தியாசம் 500 மடங்கு. பாட்டிலைச் சாய்க்கும்போது விரலில் வழிந்த ஒரு மி.லி., அரை லிட்டர் தெளிப்பு நீரை உடம்பில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். ஏக்கருக்கு 200 லிட்டர், 16 லிட்டர் டேங்க் என்றால் ஒரு ஏக்கருக்கே பன்னிரண்டு பதின்மூன்று முறை பாட்டிலைத் திறக்க வேண்டும். மூன்று ஏக்கர் அடிப்பவருக்கு நாற்பது முறை.

கையுறை இல்லாமல் மூடியால் அளப்பது, கையாலேயே கலக்குவது, பாட்டிலின் அலுமினியத் தாளைப் பல்லால் கிழிப்பது எல்லாம் அந்த நாற்பது முறையும் நடக்கும். ஒரே ஒரு கவசம்தான் வாங்க முடியும் என்றால் அது கலக்கும்போது போடும் நல்ல கையுறைதான். மாஸ்க் இல்லை. இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

கையுறைக்கு அடுத்து ஏப்ரன், பிறகு முகத்தடுப்பு. ஏப்ரன் நெஞ்சிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மறைக்க வேண்டும். டேங்கைத் தரையில் வைத்து ஊற்றும்போது திரவம் தெறிப்பது தொடையிலும் வயிற்றிலும்தான். கலக்கி முடித்ததும் ஏப்ரனைக் கழற்றிவிடலாம். நாள் முழுக்கச் சுமக்கத் தேவையில்லை, அதனால் வெப்பப் பிரச்சினையும் இல்லை. டேங்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு அளந்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர். அளவு ஜாடியையும் காலிப் பாட்டிலையும் மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நிற்க வேண்டும்.

கணக்கில் வராத ஒருவர் இங்கே இருக்கிறார்: தண்ணீர் சுமந்து வந்து டேங்கில் ஊற்றுகிறவர். பல இடங்களில் இது பெண்களின் வேலை. தெளிப்பவருக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கும் இடத்தில் இவருக்கும் ஒரு ஜோடி வாங்க வேண்டும். நிரம்பிய டேங்கிலிருந்து வழியும் நீர் முதலில் படுவது இவர் கையிலும் காலிலும்தான்.

ஆள் உயரச் செடியும் கசிகிற முதுகும்

முழங்கால் உயரப் பயிரில் முன்னோக்கி நடந்து அடித்தால் அதிகம் நனைவது கால்கள். கம் பூட்ஸும் நீளமான பேண்டும் இருந்தால் பெரும்பகுதி தடுக்கப்படும். யவத்மாளில் செடி தலைக்கு மேல் நின்றது. குழலைத் தோளுக்கு மேல் தூக்கி அடிக்க வேண்டியிருந்தது. தெளித்த துளி மேலிருந்து முகத்திலும் கழுத்திலும் இறங்கும். நனைந்த இலை இரண்டு பக்கமும் சட்டையைத் துடைக்கும். குழலிலிருந்து வழியும் நீர் மணிக்கட்டு வழியாகக் கையுறைக்குள்ளும், சட்டைக் கைக்குள்ளும், அக்குள் வரையும் போகும். கால்களுக்கான கவசத்தோடு இப்படியொரு காட்டுக்குள் நுழைந்தால் பாதி உடம்பு திறந்தே கிடக்கும்.

உடம்பின் எல்லா இடமும் ஒரே வேகத்தில் நஞ்சை உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை (நரம்பைத் தாக்கும் ஒருவகைப் பூச்சிக்கொல்லி) தன்னார்வலர்களின் தோலில் இட்டு அளந்த 1971-ஆம் ஆண்டு ஆய்வு இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கை 1.3, வயிறு 2.1, உச்சந்தலை 3.7, நெற்றி 4.2, காதுத் துளை 5.4, விதைப்பை கிட்டத்தட்ட 12. தலைக்கு மேல் அடிக்கும்போது நனைவது உச்சந்தலை, நெற்றி, காது. டேங்க் கசிந்தால் முதுகு வழியாக இடுப்புக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கி நாள் முழுக்க ஊறுவது கடைசிப் பகுதியில். அதிகம் உறிஞ்சும் இடங்கள் எவையோ அவையே அதிகம் நனைந்தன. யவத்மாளைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விவரம் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே முதல் கவசம் உடை அல்ல, தெளிப்பான். காலையில் மருந்து ஊற்றுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை முழுக்க நிரப்பி, மூடியை இறுக்கி, டேங்கைச் சற்று முன்னே சாய்த்துப் பார்க்க வேண்டும். மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் குனியும் ஒவ்வொரு முறையும் கழுத்துக்குப் பின்னால் ஊற்றும். மூடியில் காற்று போகும் சிறு துளையின் வால்வு, டேங்கின் அடியில் ஹோஸ் சேரும் இடம், டிரிகர், குழல் இணைப்பு, நாசில் மூடி என்று வரிசையாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் துணி சுற்றிக் கட்டுவது பழுது பார்த்ததாகாது. துணி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாஷரை மாற்ற வேண்டும். துணிப்பட்டையும் முதுகுப்புறத் தலையணையும் ஒருமுறை மருந்தை உறிஞ்சிவிட்டால் அடுத்த நாள் சுத்தமான சட்டையிலும் ஏறும். கழுவக்கூடிய பிளாஸ்டிக் பட்டை நல்லது.

நாசில் அடைத்தால் வாயால் ஊதுவது எங்கும் உள்ள பழக்கம். மாற்று நாசில் ஒன்றும் பழைய பல் தூரிகை ஒன்றும் பையில் இருந்தால் அது தேவையே இல்லை. அடைப்பை எடுக்கக் கையுறையைக் கழற்றுவது இன்னொரு வழக்கம். கனமான கையுறையில் சிறு பாகம் பிடிபடாது. அதற்காகவே மெல்லிய நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை சில ஜோடி வைத்துக்கொண்டு, அந்தச் சிறு வேலைக்கு மட்டும் போட்டு எறிந்துவிட வேண்டும்.

செடி மார்புக்கு மேல் போன காட்டில் முதுகு டேங்கோடு உள்ளே போய் அடிப்பதை எந்த உடையாலும் பாதுகாப்பானதாக்க முடியாது என்பதே எங்கள் முடிவு. நீண்ட ஹோஸ் போட்ட தெளிப்பானை வரப்பில் வைத்து, காற்றுக்குக் குறுக்காக, அடித்த வரிசைக்குள் போகாமல் பின்வாங்கிக்கொண்டே அடிக்கலாம். அதைவிட முன்னதாக, உரிய வயதில் நுனி கிள்ளி, இடைவெளி விட்டு நட்டுச் செடியின் உயரத்தைக் கட்டுக்குள் வைப்பது பயிர்த்தொழில் முடிவு மட்டுமல்ல. மருந்து அடிப்பவரின் உடல்நலம் குறித்த முடிவும் கூட.

கையுறை: எது தாங்கும், எது தாங்காது

கிட்டில் வரும் கையுறை பெரும்பாலும் மெல்லியது, மணிக்கட்டோடு நின்றுவிடும். இ.சி. வகை மருந்துகளில் நஞ்சைக் கரைக்கச் சைலீன் போன்ற கரைப்பான் இருக்கும். அது சாதாரண ரப்பர் கையுறையை உப்ப வைத்து ஊடுருவும். வெளியே ஓட்டை தெரியாது, உள்ளே விரல் நனைந்திருக்காது, ஆனாலும் நஞ்சு மூலக்கூறு மூலக்கூறாகக் கடந்து வரும். இ.சி. மருந்துகளுக்கு 0.35 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் கொண்ட நைட்ரைல் கையுறை வேண்டும். நீளம் முன்கையின் பாதிக்கு மேல். உள்ளே துணி லைனிங் இருக்கக் கூடாது. லைனிங் ஒருமுறை மருந்து குடித்தால் கழுவவே முடியாது. அதன் பிறகு அந்தக் கையுறை நஞ்சைத் தோலோடு சேர்த்துக் கட்டிவைக்கும். வெறும் கையைவிட அது மோசம். தோல் கையுறைக்கும் இதே கதை.

சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2019-இல் வெளியிட்ட 18889 தரம் பூச்சிக்கொல்லிக் கையுறைகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஜி1 நீர்த்த தெளிப்புக்கு. ஜி2 பாட்டில் மருந்தைக் கையாளவும் தெளிக்கவும். ஜிஆர் மருந்து அடித்துக் காய்ந்த காட்டில் வேலை செய்பவர்களுக்கு, உள்ளங்கைப் பக்கம் மட்டும் தடுப்பு உள்ளது. கலக்குபவருக்கு ஜி2 தான். அந்தக் குறியீடு போட்ட கையுறை கிடைக்காத இடத்தில் தடிமன், நைட்ரைல், நீளம், லைனிங் இல்லாமை என்ற நான்கையும் பார்த்து வாங்கலாம்.

தினமும் போடுவதற்கு முன் கையுறைக்குள் காற்றை அடைத்து வாய்ப்பகுதியைச் சுருட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் காற்று கசிந்தால் குப்பைக்கு. நிறம் மாறினாலோ, விறைத்தாலோ, பிசுபிசுத்தாலோ அதுவும் குப்பைக்கு. தாழ்ந்த பயிருக்கு அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே வர வேண்டும், வழிவது வெளியே போய்விடும். தலைக்கு மேல் அடிக்கும்போது நேர் எதிர்: சட்டைக் கையைக் கையுறைக்குள் விட்டு, கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துவிட வேண்டும். குழலிலிருந்து இறங்கும் நீர் அந்த மடிப்பில் தங்கும். அவ்வப்போது கையைத் தாழ்த்திக் கொட்டிவிடலாம். யவத்மாள் மாதிரியான காட்டில் அக்குள் வரை போன நீரை மறித்திருக்கக் கூடியது இந்தச் சிறு மடிப்பு.

உடை, வெப்பம், போட முடியாத கவசம்

விதர்பாவின் ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்தில் முழு பிளாஸ்டிக் உடை போட்டு டேங்க் சுமந்தால் அரை மணிக்குள் மயக்கம் வரலாம். வியர்வையில் ஊறிய தோல் நஞ்சை இன்னும் எளிதாக உறிஞ்சும். அதனால் கிட் வீட்டு மூலையில் கிடக்கிறது. இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். போட முடியாத கவசத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிழை அது.

நீர்த்த தெளிப்புக்குப் பிளாஸ்டிக் தேவையில்லை. நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது பாலியெஸ்டர் கலந்த முழுக்கைச் சட்டையும் பேண்டும், உள்ளே ஒரு பனியனும் என்று இரண்டு அடுக்கு துணி இருந்தால், உலர்ந்திருக்கும் வரை நல்ல தடுப்பு. ஐஎஸ்ஓ 27065 தரத்தின் சி1, சி2 வகை உடைகள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன: காற்று போகும், துளி ஊடுருவுவது குறையும், துவைத்துத் திரும்பப் போடலாம். திரவமே ஊடுருவாத சி3 ஆபத்து மிகுந்த வேலைக்கு. துணியின் பலவீனம் நனைந்தால் தெரியும். நனைந்த துணி விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மருந்தை உள்பக்கம் இழுக்கும். ஆகவே நனையும் இடத்தில் மட்டும் திரவம் புகாத தடுப்பு வேண்டும்: முதுகுக்கும் இடுப்புக்கும் டேங்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் அல்லது பூச்சுத் துணி முதுகுத் தகடு, தலைக்குக் கழுத்தை மறைக்கும் தொப்பி. சட்டை நனைந்துவிட்டால் மாற்றுச் சட்டை காட்டிலேயே இருக்க வேண்டும். வீடு போய் மாற்றலாம் என்றால் நாலு மணி நேரம் ஊறிவிடும்.

பேண்ட் பூட்ஸுக்கு வெளியே வர வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் மருந்துத் தொட்டியாகிவிடும். லுங்கியையோ வேட்டியையோ மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில் அடிப்பது இன்றும் சாதாரணம். இடுப்பில் சுருட்டிய துணி டேங்க் கசிவை வாங்கி, தொடை இடுக்கிலேயே வைத்திருக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடிக்கும் நேரம் விடிந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள். காற்றே இல்லாத விடியலும் நல்லதல்ல. மெல்லிய துளிகள் கீழே இறங்காமல் மூச்சு மட்டத்தில் மிதக்கும். இலை லேசாக அசையும் அளவுக்குக் காற்று இருக்கட்டும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் கையுறையோடு கையைக் கழுவி, கையுறையைக் கழற்றி, வெறும் கையையும் முகத்தையும் சோப்பால் கழுவிய பிறகு. அதற்கு முதலில் காட்டில் சோப்பும் தனித் தண்ணீரும் இருக்க வேண்டும். மருந்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் 3 கேலன், அதாவது சுமார் 11 லிட்டர் கழுவு நீர் அருகிலேயே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பண்ணைத் தொழிலாளர் பாதுகாப்பு விதி சொல்கிறது. ஒரு குடம் தண்ணீர், ஒரு சோப்பு. கிட்டில் எப்போதும் விடுபட்டுப் போகும் கவசம் இது.

மூக்கும் கண்ணும்

மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு மெல்லிய துளிகளை நிறுத்தாது. நனைந்ததும் மருந்தை மூக்கோடு ஒட்டிவைத்து, மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் ஆவியாக உள்ளே அனுப்பும். அறுவை மாஸ்க்கும் ஏறக்குறைய அப்படித்தான். தூளைக் கலக்கும்போது என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் உண்மையாகவே உதவும். கரைப்பான் வாடை வரும் இ.சி. மருந்துக்கு அது போதாது, ஆவியை அது பிடிக்காது. பழுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் சேர்ந்த ஏ2பி2 (A2P2) வகை வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் போட்ட அரைமுக மாஸ்க் வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டினால்தான். தாடி இருந்தால் விளிம்பு வழியாகவே காற்று வரும். கார்ட்ரிட்ஜைக் கையால் மூடி மூச்சிழுக்கும்போது மாஸ்க் முகத்தோடு உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மாஸ்க் போட்டும் மருந்து வாடை வந்தால் கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்தது. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்காவிட்டால் சும்மா தொங்கும்போதே தீர்ந்துபோகும்.

தலைக்கு மேல் அடிப்பவருக்கு ஓரம் மூடிய கண்ணாடி கட்டாயம். பனி படர்ந்து கழற்றி எறிவதுதான் எப்போதும் நடப்பது. மறைமுகக் காற்றுத் துளை உள்ளதைத் தேர்ந்தால் அது குறையும். கண்ணில் தெறித்தால் ஓடும் சுத்த நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

கழற்றும் வரிசை

நாள் முழுக்க ஒழுங்காகப் போட்டவர்கூடக் கழற்றும்போது கெடுத்துக்கொள்வார். கையுறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சோப்பால் கழுவ வேண்டும். பிறகு பூட்ஸைக் கழுவிக் கழற்றி, சட்டை, பேண்ட், தொப்பி. அடுத்து கண்ணாடி, மாஸ்க். கையுறையை மறுபடி கழுவி, கடைசியாக அதைக் கழற்ற வேண்டும். பிறகு கை, முகம், உடனே குளியல், தலைமுடி நகக்கண் உட்பட. உடையை வீட்டுத் துணியோடு சேர்க்கக் கூடாது. தனி வாளி, முதலில் வெறும் நீரில் அலசல், பிறகு சோப்புத்தூள், இரண்டு மூன்று அலசல், வெயிலில் உலர்த்தல். துவைப்பவர் கையுறை போட வேண்டும். பாட்டில் மருந்து நேரடியாகக் கொட்டிய துணியைத் துவைத்துப் பயனில்லை, அழித்துவிட வேண்டும்.

மருத்துவமனையில் தெரிந்தது

ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், பார்வை மங்கும், தசை துடிக்கும், நுரையீரலில் நீர் சேரும். அட்ரோபின் இதற்கு மருந்து, பிராலிடாக்சிம் சீக்கிரம் கொடுத்தால் உதவும். முதல் நாள் தேறியவர் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசை தளர்ந்து இறக்கக்கூடும். படுக்கையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது இதற்கான எளிய சோதனை. கழுத்து தூக்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இப்போது அந்த ஐந்து மருந்துப் பட்டியலுக்குத் திரும்பலாம். மோனோகுரோட்டபாஸ், அசிபேட், புரோபெனபாஸ் மூன்றும் ஆர்கனோபாஸ்பேட். டயாபென்தியூரான், பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் அப்படியல்ல. டயாபென்தியூரான் செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது. பிப்ரோனில் வலிப்பை உண்டாக்கும். இவற்றுக்கு அட்ரோபின் மாற்று மருந்தல்ல, கோலினெஸ்டெரேஸ் சோதனையும் எதையும் காட்டாது. ஒரே டேங்கில் மூன்றைக் கலந்து அடித்தவர் மயங்கி வரும்போது மருத்துவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். அதனால் நோயாளியோடு காலிப் பாட்டிலும் லேபிளும், கலந்த எல்லா மருந்தின் பாட்டிலும், பையில் போட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருடைய உடையைக் கழற்றி, சோப்பு நீரால் கழுவியே ஏற்ற வேண்டும். நனைந்த சட்டையோடு ஏற்றினால் போகும் வழியெல்லாம் நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். கழுவுகிறவருக்கும் கையுறை வேண்டும்.

கோலினெஸ்டெரேஸ் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பருவம் தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் பின்னால் எடுப்பதற்கு முழுப் பொருள் உண்டு. கலிபோர்னியாவில் ஆரம்ப அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் வேலை முறையை ஆராய வேண்டும். சிவப்பணு அளவு 70 விழுக்காட்டுக்கோ, பிளாஸ்மா அளவு 60 விழுக்காட்டுக்கோ கீழே இறங்கினால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். இந்தியாவின் பூச்சிக்கொல்லி விதிகள் 1971-இலும் இந்த யோசனை உண்டு: விதி 37 மருத்துவப் பரிசோதனையையும், ஆர்கனோபாஸ்பேட் கையாள்பவர்களுக்குக் கோலினெஸ்டெரேஸ் கண்காணிப்பையும் சொல்கிறது. விதி 39 உடலுடை, தொப்பி, முன்கையின் பாதி வரை வரும் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்று பட்டியலிடுகிறது. விதி 42 பயிற்சியை. கையுறையின் நீளத்தை 1971-லேயே சரியாக எழுதியிருக்கிறார்கள். இன்றைய கிட்டில் அந்த நீளம் இல்லை. நாள் கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு இந்த விதிகளை நிறைவேற்ற வேண்டிய முதலாளி யார் என்பதும் நடைமுறையில் தெளிவாக இல்லை. நிலக்காரர்தான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே நியாயம்: வேலையும் மருந்தும் தெளிப்பானும் அவர் தருவது, கையுறையும் சோப்பும் அவர் தர வேண்டியது.

மருந்தையே மாற்றுவது

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் பூச்சிக்கொல்லி மேலாண்மைக்கென வகுத்த சர்வதேச நடத்தை நெறி வெளிப்படையாக ஒன்றைச் சொல்கிறது: அணியச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத கவசம் தேவைப்படும் மருந்துகளை, குறிப்பாக வெப்பநாடுகளின் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளர்களும் பயன்படுத்தும் இடத்தில், தவிர்க்க வேண்டும். மோனோகுரோட்டபாஸ் சரியாக அந்த வகை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது 1பி, மிகு அபாயம். எலிகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு (குறைந்தால் நஞ்சு அதிகம்) உடல் எடை கிலோவுக்கு 14 மி.கி. புரோபெனபாஸுக்கு 358. சிறப்பு விசாரணைக் குழுவும் மோனோகுரோட்டபாஸைத் தடை செய்யச் சொன்னது. 2023-இல்தான் ஒன்றிய அரசு அதன் 36% எஸ்.எல்.-ஐக் கைவிட உத்தரவிட்டது.

கடையில் லேபிளின் முக்கோணத்தைப் பார்ப்பதிலிருந்தே கவசம் தொடங்குகிறது. சிவப்பு என்றால் வாய்வழிக் கொல்லும் அளவு கிலோவுக்கு 50 மி.கி.க்குள், மஞ்சள் 500 வரை, நீலம் 5000 வரை, பச்சை அதற்கு மேல். இரண்டு அடுக்கு துணியும் கையுறையும் மட்டுமே சாத்தியமான காட்டில் சிவப்பு முக்கோணத்துக்கு இடமில்லை. கலவை மருந்துக்கு லேபிள் சொல்லாத மூன்றாவது மருந்தைச் சேர்ப்பதையும் கடைக்காரர் சொன்னாலும் மறுக்க வேண்டும்.

அடுத்த நாள் காட்டுக்குள் போகிறவர்கள்

அடித்த காட்டில் மறுநாள் களை எடுப்பவரும் காய் பார்ப்பவரும் எந்தக் கணக்கிலும் இல்லை. இரவுப் பனியில் இலை மேல் காய்ந்த மருந்து மறுபடி கரையும். ஆள் உயரச் செடிக்குள் அதிகாலையில் நுழைபவரின் சட்டை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். லேபிளில் போட்ட மறுநுழைவு இடைவெளியைக் கடைப்பிடிக்க வேண்டும். கடும் நஞ்சு மருந்துகளுக்கு அமெரிக்க விதி 48 மணி நேரம் என்று வைத்திருப்பது நல்ல அளவுகோல். அதற்குப் பிறகும் முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, உள்ளங்கைத் தடுப்புள்ள கையுறை. காட்டின் நுழைவில் மருந்தின் பெயரும் அடித்த தேதியும் நேரமும் எழுதிய அட்டை ஒன்றைக் குச்சியில் கட்டி நட்டுவிட்டால், வேறு ஊரிலிருந்து களைக்கு வரும் ஆட்களுக்கும் அது போய்ச் சேரும்; யாராவது மயங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய தகவலும் அதிலேயே இருக்கும்.